ஒன்பது கற்களுக்கு வெள்ளையடித்தவன்

போன மாதம் லண்டனிலிருந்து ரவி தொலைபேசி எடுத்தான். ரவி என் தங்கையின் மருமகன். நாற்பத்தைந்து வயது, நல்ல தொப்பை, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஜேர்மன் கடவுச்சீட்டோடு இங்கிலாந்துக்குப் போய்க் குடியேறியவன்.

“மாமா, இஞ்சத்தைக் குடியுரிமைக்குச் சோதனை எழுதப் போறன். இவங்கடை சரித்திரம், பழக்கவழக்கம் எல்லாம் கேப்பாங்களாம். நீங்கள் இருபது வருசம் வெள்ளைக்காரரோடை வேலை செய்தனியள்தானே. எட்டாவது ஹென்றி எத்தினை பேரைக் கட்டினவர்?”

“எனக்கு எப்பிடித் தெரியும்? அந்தாள் தன்ரை கலியாணத்துக்கு எனக்குச் சொல்லேல்லை.”

“பகிடி விடாதேங்கோ மாமா. அப்ப உங்களுக்கு அவங்களைப் பற்றி என்னதான் தெரியும்?”

சோதனை நல்லாய் எழுது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்துவிட்டது. அடேய், எனக்கு என்ன தெரியும் என்றா கேட்கிறாய்? ராசாக்களின் பெயர் எனக்குத் தெரியாதுதான். அவர்கள் எப்படித் தேநீர் போடுவார்கள், எப்படித் திட்டுவார்கள், செத்துப்போன தங்கள் பிள்ளைகளை எப்படி வைத்துப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதை எழுதி வைக்கத்தான் இந்தக் கொப்பியை வாங்கினேன்.

என் பெயர் சூசைதாசன். மன்னார்ப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். அகதியாக பேர்லினுக்கு வந்து, எல்லாரையும் போல ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவி, பிறகு ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்து, முதுகு போய், நாற்பத்தாறாவது வயதில் ஒரு தோட்ட வேலை கிடைத்தது. தோட்டம் என்றால் சும்மா தோட்டமில்லை. நகரத்தின் மேற்கு ஓரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் பிரித்தானியப் போர்ச் சேமக்காலை. எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்தைச் சேமக்காலை என்றுதான் சொல்வோம். நொய்கெல்ன் பகுதியில் குடியிருக்கும் எங்கள் ஆட்களுக்கு இது போதாதா? அன்றிலிருந்து நான் ‘சேமக்காலைச் சூசை’. திருநாளுக்குப் போனாலும், பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போனாலும் அதே பெயர்தான். போன வருடம் ஓய்வு பெற்றும் பெயர் ஓயவில்லை.

அங்கே கிடப்பவர்களில் அநேகம் பேர் விமானத்தில் வந்து இந்த நாட்டின் மீது குண்டு போட்டபோது சுடப்பட்டு விழுந்தவர்கள். இருபது, இருபத்தொரு வயதுப் பெடியங்கள். அவர்கள் குண்டு போட்ட அதே நகரத்து மண்ணிலேயே புதைத்திருக்கிறது. பிரித்தானியர் தங்கள் ஆட்களை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. விழுந்த இடத்திலேயே வைத்து, விழுந்த இடத்துக்கே தோட்டக்காரனை அனுப்பினார்கள். அந்தத் தோட்டக்காரன்தான் என் மேலாளர் மிஸ்டர் டென்பி.

டென்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெட்டையான மனிதர், வடக்கு இங்கிலாந்துக்காரர். மண் கிளறும் வேலைக்கும் கழுத்துப்பட்டி கட்டி, அதற்கு மேலே பச்சைக் கம்பளிச் சட்டை போட்டு வருவார். ஏழரைக்கு வேலை என்றால் ஏழு இருபத்தைந்துக்கு வாசல் படலையடியில் நிற்பார். ஒருமுறை நான் பின்னால் நகர்ந்து அவருடைய காலை நன்றாக மிதித்துவிட்டேன். மிதித்தவன் நான், “மன்னிக்க வேண்டும்” என்று சொன்னவர் அவர். எனக்கு முதலில் விசர் பிடித்த மனிதரோ என்று தோன்றியது. கட்டளையும் அப்படித்தான். “மிஸ்டர் சூசை, உங்களுக்குச் சிரமமில்லை என்றால், அந்த ஓரத்தை இன்னொரு தடவை பார்க்கலாமா?” என்று கேட்பார். அதற்கு அர்த்தம், அந்த ஓரம் கேவலமாக இருக்கிறது, உடனே போய்த் திருத்து என்பதுதான். இது எனக்கு விளங்க மூன்று கிழமை எடுத்தது. அவருடைய ஜேர்மன் என்னுடையதை விட மோசம், என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். இரண்டையும் குழைத்துத்தான் பேசிக்கொள்வோம்.

முதல் நாள் என்னை ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போனார். எல்லாக் கல்லும் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே வெள்ளைச் சுண்ணக்கல், மேலே ஒரே வளைவு. நான் பார்த்துவிட்டுக் கேட்டேன், பெரிய அதிகாரிகளை எங்கே புதைத்திருக்கிறது என்று.

“இதோ, இவர் பெரிய அதிகாரி. பக்கத்தில் இருப்பவர் சமையல்காரர்.”

“வித்தியாசம் இல்லையோ?”

“எழுத்தில் பதவி இருக்கும். கல்லில் இல்லை.”

எங்கள் ஊர்ச் சேமக்காலையில் காசுக்காரனுக்குச் சலவைக்கல், இல்லாதவனுக்கு மரச் சிலுவை. செத்த பிறகும் முன்வரிசை பின்வரிசை உண்டு. இந்த வெள்ளைக்காரர் எங்களை ஆண்டவங்கள்தான், எங்கள் மலையில் கொழுந்து பறித்த சனத்துக்கு நல்ல தேயிலையைக் கூடக் குடிக்கக் கொடுக்காதவங்கள்தான். அதை நான் மறக்கவுமில்லை, மறக்கச் சொல்லவுமில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வரிசைக்கு முன்னால் நின்றபோது, இவங்கள் நல்ல காரியமும் ஒன்று செய்திருக்கிறாங்கள் என்று மனதார நினைத்தேன். இன்றும் அதே எண்ணம்தான்.

வேலை முறையை எல்லாம் சொல்லப்போனால் கொப்பி காணாது. வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் இழுத்து, அந்த நூலில்தான் புல் ஓரத்தை வெட்ட வேண்டும். கல்லுக்கு முன்னால் தாழ்ந்து படரும் செடிகள் நட வேண்டும். மழை விழும்போது மண் தெறித்துக் கல்லில் படக்கூடாது என்பதற்காக. இரண்டு கல்லுக்கு ஒரு ரோசா. கல்லைக் கழுவ மென்மையான தூரிகையும் வெறும் தண்ணீரும் மட்டும். சவர்க்காரம் கூடாது, கம்பித் தூரிகையைக் கண்ணிலும் காட்டக்கூடாது. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேநீர். குடிலுக்குள் மண்ணிறக் கேத்தல் ஒன்று வைத்திருந்தார். இலையைப் போட்டு நாலு நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அந்த நேரத்தில் பேச மாட்டார். எவ்வளவு பெரிய பிரச்சினை என்றாலும் முதலில் தேநீர், பிறகுதான் பேச்சு.

எனக்கு ஆறு மாதம் ‘ப்ரோபட்சைட்’, அதாவது பரீட்சார்த்த காலம். அதற்குள் பிழை விட்டால் போய் வா என்று அனுப்பிவிடலாம். நான் பிழை விட்டது நாலாவது மாதத்தில்.

ஒக்டோபர் முடிகிற நேரம். நவம்பர் இரண்டாம் திகதி எங்களுக்குச் சகல ஆத்துமாக்களின் நாள். மன்னாரில் ஒரு கிழமைக்கு முன்பே சேமக்காலைக்குப் போய், புல் செருக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, பெயரைக் கறுப்பு மையால் திருப்பி எழுதி, மெழுகுதிரி கொளுத்துவோம். வெள்ளையடிக்காத சிலுவை இருந்தால் அது கேட்பாரில்லாத பிணம் என்று அர்த்தம். அதைவிட அவமானம் வேறில்லை. அப்பாவின் சிலுவைக்கு அம்மா வருடா வருடம் அடிப்பா. என் தம்பி யூட்டுக்குச் சிலுவை இல்லை. சண்டைக் காலத்தில் கடலுக்குப் போனவன். வள்ளம் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. இருபத்திரண்டு வயது. அவனுக்கு வெள்ளையடிக்க எங்களுக்கு ஒரு இடமும் இல்லை.

அந்தக் கிழமையில் ஒருநாள் டென்பி வேறு நகரத்துச் சேமக்காலையைப் பார்க்கப் போயிருந்தார், பின்னேரம்தான் வருவார். நான் தனியே. கடைசி வரிசையில் ஒன்பது கற்கள், மர நிழலில் இருந்து கொஞ்சம் பாசி பிடித்து மங்கியிருந்தன. ஆத்துமாக்களின் நாள் வருகிறது, இந்தப் பெடியங்கள் இப்படியா கிடப்பது என்று மனம் கேட்கவில்லை. கட்டடச் சாமான் கடையில் ஒரு பை சுண்ணாம்பும் ஒரு தூரிகையும் வாங்கினேன். எழுத்துக்கு என்று ஒரு சின்னத் தகரம் கறுப்பு மையும் வாங்கினேன், பாருங்கள் என் அறிவை! டென்பி கழுவுவதற்குத்தான் சட்டம் சொன்னார், வெள்ளையடிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றும் ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். உண்மையில் நான் எதையும் யோசிக்கவில்லை. காலை எட்டரைக்குத் தொடங்கி, யூட்டுக்கு அடிப்பது போலவே அடித்தேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். வேலை செய்துகொண்டே அழுதேன்.

மூன்று மணிக்கு டென்பி வந்தார். வரிசையின் முனையில் நின்று பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். “ஆ,” என்றார். அவ்வளவுதான். பிறகு கிட்டப் போய்க் கடைசிக் கல்லில் விரலை வைத்து, ஈரமா என்று பார்த்தார். கறுப்பு மைத் தகரத்தைத் தூக்கி, அது திறக்கப்படவில்லை என்று கண்டதும் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார்.

“மிஸ்டர் சூசை, தண்ணீர்க் குழாயைக் கொண்டுவர முடியுமா? முடிந்தால் ஓடிப்போய்.”

ஓடச் சொல்லி அவர் என்னிடம் கேட்டது இருபது வருடத்தில் அந்த ஒரு தடவைதான். சுண்ணாம்பு காய விடக்கூடாது, காய்ந்தால் கல்லோடு கல்லாகிவிடும். ஒன்பது கல்லுக்கும் தண்ணீர் பீய்ச்சி, குடிலில் இருந்த சணல் சாக்குகளை நனைத்துப் போர்த்தினோம். அதற்குப் பிறகு அவர் கேத்தலை வைத்தார். நாலு நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்தார். வேலை போய்விட்டது, திரும்பவும் கோப்பை கழுவுவதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோப்பையை என் கையில் தந்துவிட்டுத்தான் கேட்டார்: “ஏன் என்று எனக்குச் சொல்லுவீர்களா?”

சொன்னேன். ஆத்துமாக்களின் நாள், அம்மா, அப்பாவின் சிலுவை, எல்லாம். யூட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கேட்டு முடிய அவர் தன் கோப்பையில் பாலைக் கலக்கினார்.

“இந்தக் கல் மூச்சு விடும் கல். மூடினால் உள்ளே வெடிக்கும். அது ஒன்று. மற்றது, ஒன்பது பேர் வெள்ளையாகவும் மற்ற எல்லாரும் மங்கலாகவும் இருந்தால், மற்றவர்களின் அம்மாமார் என்ன நினைப்பார்கள்?”

நான் எழும்பிப் போய்ச் சாக்குகளுக்கு இன்னொரு தரம் தண்ணீர் விட்டேன்.

அடுத்த நாள் எட்டுக் கல் நல்லபடியாகத் தெளிந்துவிட்டது. ஒன்பதாவது, அதாவது நான் காலையில் முதலில் அடித்தது, காய்ந்து போயிருந்தது. முகம் பரவாயில்லை, ஊறவைத்துத் துடைக்க வந்தது. எழுத்துப் பள்ளங்களுக்குள் மட்டும் சுண்ணாம்பு இறுகிவிட்டது. எரிக் பெக்வித், விமானப்படை, இருபது வயது. அப்போதுதான் டென்பி சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

“இதை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். உங்களைச் சங்கடப்படுத்த இல்லை.”

எரிக்கின் தங்கை எழுதியிருந்தார். அண்ணன் போகும்போது அவருக்கு எட்டு வயது. வாழ்க்கை முழுக்க இங்கே வர முடியாமல் போய், இப்போது, போரில் இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் ஞாயிறான நினைவு ஞாயிறுக்கு வருகிறாராம். வயது எழுபதைத் தொட்டுவிட்டது, கண் பார்வை போய்விட்டது. அண்ணனின் பெயரை விரலால் வாசித்துப் பார்க்க வேண்டும், அதற்காக வருகிறேன், இனி ஒருமுறை வர மாட்டேன் என்று எழுதியிருந்தார்.

ஒரு மனிசி ஆயுள் முழுக்கக் காத்திருந்து விரலை வைக்க வரும் இடத்தை நான் சுண்ணாம்பால் அடைத்து வைத்திருக்கிறேன். பதினொரு நாள் இருந்தது.

பல்லுக்குத்தும் குச்சிகளால் முயன்றோம், முறிந்தன. மூங்கில் சிம்பு தடிப்பமாக இருந்தது, பள்ளத்தின் அடிக்குப் போகவில்லை. இரும்பு கூடாது, எழுத்தின் விளிம்பு உடைந்தால் யாராலும் ஒட்ட ஏலாது. அன்று பின்னேரம் உ-பான் ரயிலில் வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பொறி தட்டியது. நேரே தமிழ்க் கடைக்குப் போய், ஈர்க்கு விளக்குமாறு மூன்று கேட்டேன்.

கடைக்காரத் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். “மூண்டோ? என்னண்ணை, அக்கா அவ்வளவு அடிக்கிறாவோ?”

“ஓமடா, ஒண்டு முறிஞ்சால் மற்றது வேணுமெல்லே. கட்டித் தா.”

அடுத்த நாள் டென்பி ஒரு ஈர்க்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, வளைத்து, நுனியை நகத்தால் தொட்டுப் பார்த்தார். இது என்ன மரம், ஓலையின் எந்தப் பகுதி என்று எல்லாம் விசாரித்தார். “மிக நல்ல கருவி,” என்றார். அவர் வாயிலிருந்து ‘மிக’ வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் கடையில் வாங்கிய விளக்குமாற்றுக்கு அப்படியொரு மரியாதை!

அதற்குப் பிறகு செய்த வேலைதான் நான் வாழ்க்கையில் செய்த மிக நுணுக்கமான வேலை. ஈரத் துணியை ஒரு எழுத்தின் மேல் அரை மணி நேரம் ஒட்டி வைப்பது. எடுத்துவிட்டு, ஈர்க்கு நுனியைச் சரிவாகச் சீவி, பள்ளத்தின் அடியிலிருந்து மேலே, ஒரே திசையில் இழுப்பது. மறுபடி தண்ணீர். ஒரு எழுத்துக்கு அரை நாள் போன நாளும் உண்டு. இரண்டு பேரும் ரப்பர் பாயில் முழங்காலில் நிற்போம், அவர் கழுத்துப்பட்டியோடு. “இது என் பிழை, நானே செய்கிறேன்” என்று சொல்லிப் பார்த்தேன். “குளிராக இருக்கிறது, தனியாகச் செய்தால் அலுப்பாக இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்தைப் பிடித்தார். எழுத்து முடிந்ததும் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முதலில் நான், பிறகு அவர். கண் திறந்திருந்தால் நல்லாயிருக்கும் எழுத்து, கண்ணை மூடினால் ஒரு மூலையில் பொருக்குத் தட்டும். அப்போது மறுபடி முதலிலிருந்து.

அந்த நாட்களில் ஒன்றில், தலைமை அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கையை எனக்கு முன்னால் வைத்தார். “அனுப்புவதற்கு முன் பாருங்கள். உங்களுக்கு நியாயமில்லாதது ஏதும் இருந்தால் மாற்றுகிறேன்.” வாசித்தேன். புதிய தோட்டக்காரர் தன் ஊரில் இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையை இங்கும் செய்தார். தடுக்கும்படியாக அவருக்குச் சொல்லிக்கொடுக்காதது என் தவறு என்று இருந்தது.

“இது உண்மையில்லையே. தண்ணீரும் தூரிகையும் மட்டும் என்று நீங்கள் சொன்னனீங்கள்தானே.”

“சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.” அறிக்கையை மடித்து உறைக்குள் வைத்தார். ஹென்றி எத்தனை பேரைக் கட்டினார் என்று கேட்கும் சோதனையில் இதைக் கேட்பார்களோ தெரியாது. கேட்க வேண்டும்.

நினைவு ஞாயிறுக்கு முந்தின வெள்ளி மத்தியானம் கடைசி எழுத்து முடிந்தது. டென்பி கண்ணை மூடி, மேலிருந்து கீழ் எல்லாவற்றையும் தடவினார். “மோசமில்லை,” என்றார். அவருடைய அகராதியில் அதற்கு மேல் சொல் கிடையாது.

ஞாயிறு மழைத் தூறல். சட்டையில் சிவப்புக் காகிதப் பூ குத்திய சனம், தூதரக ஆட்கள், மலர் வளையம் வைக்க ஒரு ஜேர்மன் இராணுவ அதிகாரியும். டென்பி பழைய பதக்கங்களைக் குத்தியிருந்தார். அவர் பட்டாளத்தில் இருந்தவர் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பதினொரு மணிக்கு எக்காளம் ஊதி இரண்டு நிமிட மௌனம். குழந்தை கூட முனகவில்லை. எங்கள் செத்தவீட்டுப் பூசைகளில் எழும்பி நின்று ஒப்பாரி வைத்துத்தான் எனக்குப் பழக்கம். இத்தனை பேர் தூறலில் குடை பிடிக்காமல், ஒரு சொல் பேசாமல் நின்றதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

எல்லாம் முடிந்து சனம் தேநீர் மேசைக்குப் போன பிறகு, டென்பி ஒரு மெலிந்த மனிசியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தார். “மிஸ் பெக்வித், இவர் மிஸ்டர் சூசை. எரிக்கைப் பார்த்துக்கொள்பவர்.”

மிஸ் பெக்வித் கையுறையைக் கழற்றினார். கல்லின் தலையில் உள்ளங்கையை வைத்தார். “எரிக், இவ்வளவு காலம் எடுத்துவிட்டது. மன்னித்துக்கொள்,” என்றார். கல்லிடமும் மன்னிப்புத்தான். பிறகு விரலைக் கீழே கொண்டுவந்து முதல் எழுத்தைத் தொட்டார். ஒவ்வொரு எழுத்தாக, ஓரத்தைச் சுற்றி, பள்ளத்தின் அடிவரை போய்ப் போய் வாசித்தார். எந்த இடத்திலும் விரல் தட்டவில்லை.

“எவ்வளவு கூராக இருக்கிறது. நேற்று வெட்டியது போல.”

என்னால் பொறுக்க முடியவில்லை. அப்படியே ஒத்துக்கொண்டுவிட்டேன். அம்மணி, நான் இந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன், பத்து நாளாகத் தோண்டித்தான் எடுத்தோம் என்று. டென்பி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என் அண்ணனுக்கு வெள்ளையடித்தீர்களா?” மிஸ் பெக்வித் தலையை நிமிர்த்தினார். “ஏன்?”

“எங்கடை ஊரில் சொந்தக்காரருக்கு அப்படித்தான் செய்வோம். அடிக்காவிட்டால் ஆளில்லாதவர் என்று அர்த்தம்.”

அவர் சிரித்தார். நல்ல பலமான சிரிப்பு. “குளிக்கச் சொன்னால் பின்வளவுக்கு ஓடுகிறவன். கடைசியில் பிடித்துக் கழுவிவிட்டீர்கள்.” சிரித்து முடிந்ததும் என் கையைத் தேடிப் பிடித்து, “நன்றி,” என்றார். பிறகு கேட்டார்: “கீழே ஒரு வரி இருக்கிறதாமே. குடும்பம் கேட்டு எழுதுவிப்பது. அம்மா என்ன கேட்டாள் என்று எங்களுக்குச் சொல்லவேயில்லை. தபாலில் வந்த கல்லறைப் படத்தில் அந்த இடத்தைப் பூ மறைத்திருந்தது.”

இருந்தது. செடிக்குள் மறைந்து கிடந்த அந்த அடிப்பகுதிக்கு என் சுண்ணாம்பும் போகவில்லை, என் கண்ணும் போகவில்லை. “நீங்களே வாசிக்கலாம்,” என்றார் டென்பி. மிஸ் பெக்வித் ரப்பர் பாயில் முழங்காலில் நிற்க, நான் செடியை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தேன். அவருடைய விரல் தேடிக்கொண்டு வர முன்னமே நான் வாசித்துவிட்டேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, மகனே.

அவர் ஒருமுறை வாசித்தார். தொடக்கத்துக்குப் போய் மறுபடி வாசித்தார். விரல் கடைசிச் சொல்லிலேயே நின்றது.

“சாகும்வரை அவள் முன்கதவைப் பூட்டவில்லை,” என்றார். “நான் ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்தேன். மூளை மழுங்கிவிட்டது என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.”

தூறல் செடியில் விழுந்துகொண்டிருந்தது. டென்பி குனிந்து, “தேநீர் சூடாக இருக்கிறது, மிஸ் பெக்வித்,” என்றார்.

“ஆமாம். நல்லது. பால் கொஞ்சம்,” என்று சொல்லி எழும்பினார். குடில் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. கைப்பிடி மட்டும் எலும்பை நொறுக்குவது போல இருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி பிலோமினா, “என்னப்பா முகம் இப்பிடிக் கிடக்கு? வேலை போட்டுதோ?” என்று பதறினாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, தொலைபேசி அட்டையைச் சுரண்டி மன்னாருக்கு எடுத்தேன். ஊரில் பொழுது படுகிற நேரம். சண்டையில் எங்கள் வீடு இரண்டு தரம் விழுந்து, இரண்டு தரம் கட்டியாகிவிட்டது. கதவும் புதிது, பூட்டும் புதிது, பூட்டுக்கு இரண்டு திறப்பும் புதிது. பழையதாய் மிஞ்சியது கிணறு ஒன்றுதான். அம்மா மட்டும் தனியே இருந்தா.

“அம்மா, ராவிலை கதவைப் பூட்டுறனீங்களோ?”

“பூட்டாமல்? கள்ளர் திரியிற காலம். இதென்ன கேள்வி மோனை?”

எதை எதிர்பார்த்துக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. “சும்மாதான் அம்மா. திறப்பைக் கவனமாய் வைச்சிருக்கிறீங்கள்தானே?”

“ஒண்டு என்ரை தலைமாட்டிலை.”

“மற்றது?”

“மற்றது கிணத்தடியிலை, சட்டிக்குக் கீழை,” என்றா அம்மா. “யூட் வந்தால் முதல் அங்கைதானே பாப்பான்.”